லீமாவில் நாலு வேளை: எதை எங்கே சாப்பிடுவது?

பெருவுக்குப் போகிறவர்கள் அதன் தலைநகரான லீமாவுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டு நாள்தான். குறி மச்சு பிச்சு, லீமா வழியில் வருகிற ஊர். காலைச் சாப்பாட்டை விடுதியிலேயே முடித்துவிட்டால் கையில் மிஞ்சுவது இரண்டு மதியம், இரண்டு இரவு. இந்த ஊருக்கு வந்தால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வதும் நாலு வகை: சீனக் கைபட்ட சிஃபா, ஜப்பானியக் கைபட்ட நிக்கேய், எல்லாம் கலந்து ஊறிப்போன கிரியோயா வீட்டுச் சமையல், அப்புறம் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த உணவகங்களில் தட்டுத் தட்டாக வரும் நீண்ட விருந்து. வேளைக்கு ஒன்று, கணக்கு நேராகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. நானும் அக்காவும் இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்கினோம், முதல் நாள் சாயங்காலமே அது உடைந்தது.

மதியம் வந்து இறங்கி, களைப்பில் தூங்கி எழுந்து, ஆறு மணிக்குக் கடலோர மிராஃப்ளோரஸ் பகுதித் தெருக்களில் செவிச்சே, அதாவது பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் கலந்த தட்டு, தேடிப் போனோம். முன்பே குறித்துவைத்திருந்த கடையில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுத்ததிலும் அதே கதை. மூன்றாவது கடை வாசலில் நின்ற காவலாளி ஒன்றும் பேசவில்லை, தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். செவிச்சே லீமாவில் மதியச் சாப்பாடு. காலையில் கரைக்கு வந்த மீனை மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது குளிர்பெட்டி வராத காலத்துப் பழக்கம். பெட்டி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. நல்ல செவிச்சேக் கடைகள் பல மாலை நாலு, ஐந்து மணிக்குள் அடைத்துவிடும்.

அதனால் என் கட்சி இதுதான்: எது சிறந்த உணவகம் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, எந்த வேளையில் ஊரின் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று முதலில் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். லீமா நீளமான ஊர். பிளாஸா மயோர் சதுக்கமும் சான் ஃபிரான்சிஸ்கோ மடத்தின் நிலவறைகளும் இருக்கும் பழைய நகரத்துக்கும், கடலோரக் குன்றின் மேல் இருக்கும் மிராஃப்ளோரஸுக்கும் பர்ராங்கோவுக்கும் இடையே ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் இருக்கும். தனிப்பாதையில் ஓடும் மெத்ரோபொலிதானோ பேருந்து இருப்பதால் போக்குவரத்து நெரிசலைக் கொஞ்சம் ஏமாற்றலாம், ஆனாலும் ஒரு சாப்பாட்டுக்காக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வந்தால் அரை நாள் சாலையில் கரைந்துவிடும்.

பழைய நகரம் சுற்றும் நாள் என்றால் மதியத்துக்கு சிஃபாதான், யோசிக்கவே வேண்டாம். பிளாஸா மயோரிலிருந்து சில தெருக்கள் நடந்தால் மத்தியச் சந்தை, அதை ஒட்டியே சீனர் தெருவான காயே கபோன். நுழைவாயிலில் ஒரு சீன வளைவு நிற்கும், அதைத் தாண்டினால் இருபுறமும் சிஃபாக்கள்.

சிஃபா என்ற பெயரே சோறு சாப்பிடு என்று பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1849இலிருந்து 1874 வரை ஏறக்குறைய ஒரு லட்சம் சீனர்கள், பெரும்பாலும் தென்சீனத்துக் குவாங்தோங் பக்கத்து ஆண்கள், ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு, பருத்தித் தோட்டங்களில் வேலை, கடற்பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டியெடுத்த தீவுகளிலும் வேலை. ஒப்பந்தம் என்று பெயரே தவிர, அடிமை வாழ்க்கைக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. ஒப்பந்தம் முடிந்து தப்பிப் பிழைத்தவர்களில் பலர் நகரத்துக்கு வந்து சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் போட்டார்கள். ஊர்க்காரர்கள் அங்கே சாப்பிடப் பழகினார்கள், அப்படியே அந்தச் சொற்களும் சமையலறைக்குள் வந்துவிட்டன. பெரு ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் இஞ்சிக்குக் கியோன் என்றும் சோயா சாஸுக்கு சியாவோ என்றும்தான் சொல்கிறார்கள், இரண்டும் தென்சீனத்துக் கான்டனீஸ் மொழிச் சொற்கள். வேறு ஸ்பானிய மொழி நாட்டில் போய்க் கியோன் கேட்டால் முழிப்பார்கள்.

சிஃபாவில் என்ன சொல்வது? சாவ்ஃபா கட்டாயம். சோறு, முட்டை, வெங்காயத்தாள், சியாவோ எல்லாம் பெரிய இரும்புச் சட்டியில் உச்சத் தீயில் புரண்டு வரும், கூடவே கோழியோ பன்றியோ இறாலோ. சோறும் நூடுல்ஸும் இரண்டும் வேண்டும், எதையும் விட மனசில்லை என்றால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஆயேரோபுவெர்த்தோ, அதாவது விமான நிலையம். புளியும் இனிப்புமான சாஸில், இறைச்சிப் பூரணம் வைத்து மடித்த மாவான வான்தான் பொரித்துக் குவியலாக வரும் காம் லு வான்தான் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றது. குடிக்க மஞ்சள் நிற இன்கா கோலா. தனியாகக் குடித்தால் பப்புள்கம் கரைத்த சர்க்கரைத் தண்ணி மாதிரி இருக்கும், இந்தச் சாப்பாட்டோடு குடித்தால் ஏனோ பொருந்துகிறது.

அளவில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். "பாதி சொன்னா போதும், பக்கத்து மேசையைப் பாரு" என்று அக்கா சொன்னாள். நான் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு சாவ்ஃபா, நடுவில் வதக்கிய நூடுல்ஸான தால்யரீன் சால்தாதோ ஒன்று, ஒரு வான்தான் தட்டு என்று சொல்லிவைத்தேன். வந்து இறங்கியதும் மேசையில் கை வைக்க இடமில்லை. பக்கத்து மேசையில் நாலு பேர் இரண்டு தட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள், நாங்கள் இரண்டு பேர் நாலு தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். மிச்சத்தைக் கட்டிக்கொடுத்தார்கள், அதுதான் எங்கள் மறுநாள் காலைச் சாப்பாடு.

சிஃபாவின் பலம் விலையும் வயிறும். சின்னக் கடைகளில் சூப், ஒரு வான்தான், ஒரு தட்டு என்று மதியத்துக்கு ஒரு மெனு வைத்திருப்பார்கள், நான் பார்த்த இடங்களில் பெரு நாணயத்தில் இருபது சோல் பக்கமே வந்தது. பலவீனமும் இருக்கிறது. லீமாவில் தெருவுக்குத் தெரு சிஃபா, தரம் கடைக்குக் கடை மாறும். மோசமான சிஃபாவில் எல்லாத் தட்டும் ஒரே பழுப்பு, எல்லாத் தட்டும் ஒரே உப்பு. வாசலில் நின்று சட்டிச் சத்தம் கேட்கிறதா, உள்ளே குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள்.

கடலோரப் பக்கம் சுற்றும் நாளின் மதியத்தை நிக்கேய்க்கு வைத்துவிடுங்கள். நாலில் எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் பாரபட்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1899இல் சகுரா மாரு என்ற கப்பல் 790 ஜப்பானியர்களை காயாவோ துறைமுகத்தில் இறக்கியது. அவர்களும் தோட்டக் கூலிகளாகத்தான் வந்தார்கள், அவர்களிலும் பலர் பிறகு நகரத்துக்கு வந்து சின்னக் கடைகள் போட்டார்கள். முதலில் ஊர்ச் சாப்பாட்டைத்தான் சமைத்து விற்றார்கள், தங்கள் சமையலை அல்ல. ஆனால் மீனைப் பார்க்கும் கண் வேறாக இருந்ததே! லீமாக்காரர்கள் அந்தக் காலத்தில் செவிச்சே மீனை எலுமிச்சைச் சாற்றில் மணிக்கணக்கில் ஊறவைப்பார்கள், மீன் வெளுத்து, வெந்த மாதிரி இறுகிவிடும். பச்சை மீன் தின்று வளர்ந்தவர்களுக்கு அது வீணாகத் தெரிந்திருக்கும். இன்று செவிச்சே சில நிமிடங்களில் கலந்து மேசைக்கு வருகிறது என்றால் அதில் ஜப்பானியக் கைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். செவிச்சே செய்து சாப்பிடும் மரபை யுனெஸ்கோ 2023 டிசம்பரில் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

நிக்கேய் என்றால் என்ன என்று ஒரே தட்டில் புரிய வேண்டுமானால் திராதித்தோ சொல்லுங்கள். மீனைச் சதுரத் துண்டாக்காமல் ஜப்பானியப் பச்சை மீனான சஷிமி போல மெல்லிய ஏடாகச் சீவியிருப்பார்கள். வெங்காயம் கிடையாது. மேசைக்கு வருவதற்குச் சற்று முன்பு அஹி அமரியோ மிளகாயும் எலுமிச்சையும் சேர்ந்த மஞ்சள் சாற்றை மேலே ஊற்றுவார்கள். கத்தி ஜப்பான், சாறு பெரு. இதே மேசைக்கு செவிச்சேயையும் சொல்லி இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்: செவிச்சேயில் வெங்காயமும் காரமும் முன்னால் நிற்க, ஓரத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பெரிய மணிச் சோளமும் அதைத் தணிக்கும், திராதித்தோவில் மீன் தனியாக நிற்கும். தட்டில் மிஞ்சும் சாற்றுக்கு லெச்சே தே திக்ரே, புலிப்பால் என்று பெயர். சில கடைகளில் அதை மட்டும் குவளையில் தருவார்கள். வெட்கப்படாமல் குடியுங்கள்.

புல்போ அல் ஒலிவோவும் விட்டுவிடக் கூடாதது. மெல்லிய ஆக்டோபஸ் துண்டுகளின் மேல் கறுப்பு ஆலிவ் அரைத்த ஊதா நிற சாஸ். காயாவோவில் கடை நடத்திய ரோசிதா யிமூரா என்ற நிக்கேய் சமையற்காரர் செய்து பிரபலமாக்கியது. பார்க்க அழகாக இருக்காது, கொஞ்சம் சேற்று நிறம்தான். சாப்பிட்ட பிறகு நிறம் ஞாபகம் வராது. மாக்கி அசெவிசாதோவும் இருக்கிறது, சுஷி உருளையின் மேல் செவிச்சே சுவை சாஸ். இளவட்டங்கள் உயிரை விடுகிறார்கள், எனக்கு மயோனைஸ் கொஞ்சம் தூக்கலாகப் பட்டது.

ராத்திரி நிக்கேய் கிடைக்காதா என்றால், கிடைக்கும். சுஷி மேசை வைத்த நிக்கேய் உணவகங்கள் இரவிலும் திறந்திருக்கும், சில இடங்களில் இரவில்தான் கூட்டமே. ஆனால் அங்கே மாக்கியும் காக்டெயிலும்தான் முன்னால், மீன் பின்னால். விலையும் ஏறும். நாலு வேளையில் ஒன்றைத்தான் நிக்கேய்க்குத் தரமுடியும் என்றால் மதியத்தைத் தாருங்கள். அந்த மதியம் திங்கட்கிழமையாக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பல கடைகளுக்கு அன்று விடுமுறை.

கிரியோயா இவற்றோடு ஒப்பிட ஏற்றதா என்று எனக்கே முதலில் சந்தேகம் இருந்தது, அது ஊர்ச் சமையல்தானே, கலப்பு எங்கே என்று. லோமோ சால்தாதோ ஒரு தட்டு வந்ததும் சந்தேகம் போயிற்று. மாட்டிறைச்சிப் பட்டைகள், வெங்காயம், தக்காளி, அஹி அமரியோ, சியாவோ, வினிகர் எல்லாம் சீனச் சட்டியில் சீன முறையில் வதங்கி வருகிறது, அதோடு உருளைக்கிழங்கு வறுவலும் கலந்துகிடக்கிறது, பக்கத்திலேயே சோறும் இருக்கிறது. இதை சிஃபாவிலும் தருகிறார்கள், கிரியோயாக் கடையிலும் தருகிறார்கள், யாருடையது என்று யாரும் சண்டை போடுவதில்லை. பச்சை நூடுல்ஸான தால்யரீனேஸ் வேர்தேஸ் இத்தாலியின் ஜெனோவா பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் விட்டுப்போனது, துளசி இனமான பாசில் இலையோடு கீரையும் சேர்த்து அரைப்பார்கள். முந்தைய நாள் சோற்றையும் பீன்ஸையும் பிசைந்து சட்டியில் முறுக வாட்டும் தாக்கு தாக்கு, மாட்டு இதயத்தைச் சிவப்பு மிளகாயிலும் வினிகரிலும் ஊறவைத்துக் கம்பியில் சுடும் அந்திகுச்சோ இரண்டும் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் வளர்த்தெடுத்தவை. பெருவில் அடிமை முறை 1854இல்தான் ஒழிந்தது. எஜமானர் வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய உறுப்பிலிருந்து வந்த பண்டம் இன்றைக்குப் பெரிய உணவகங்களின் பட்டியலிலும் இருக்கிறது.

அந்திகுச்சோ இருட்டிய பிறகுதான். புகையைப் பிடித்துக்கொண்டே போனால் வண்டி தெரியும். ஆகவே கிரியோயாவை இரவுக்கு வையுங்கள், முடிந்தால் பர்ராங்கோவில். பெருமூச்சுப் பாலம் என்று பேர்பெற்ற மரப்பாலத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பழைய வீடுகளுக்கிடையே நடந்து பசி வந்த பிறகு உட்காரலாம். அக்கா மாட்டிறைச்சி தொடமாட்டாள், அதனால் எனக்கு அந்திகுச்சோவும் அவளுக்குக் கோழியில் செய்த ஆஹி தே கயீனாவும். மிளகாய்ச் சாந்து, ரொட்டி, பால் சேர்ந்த மஞ்சள் குழம்பு அது, பேர்தான் மிளகாய், காரம் தட்டுப்படவே இல்லை. காரம் வேண்டும் என்றால் ரொக்கோத்தோ மிளகாய் சாஸ் தனியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

இனிப் பெரிய மேசைகள். ஆசை எல்லோருக்கும் இருக்கும், அதில் தப்பில்லை. பர்ராங்கோவில் இருக்கும் சென்ட்ரல் உலகின் ஐம்பது சிறந்த உணவகங்கள் பட்டியலில் 2023இல் முதலிடம், மிராஃப்ளோரஸில் இருக்கும் மய்தோ அதே பட்டியலில் 2025இல் முதலிடம். இரண்டையும் ஒன்றாகப் பேசுவார்கள், ஆனால் கலப்பு உணவு தேடிப் போகிறவருக்கு இரண்டும் வேறு வேறு. சென்ட்ரலின் விர்ஹிலியோ மார்த்தினெஸ் பெருவின் உயரங்களைத் தட்டில் அடுக்குகிறார், கடலடியிலிருந்து ஆண்டீஸ் மலை வரை ஒவ்வொரு உயரத்தில் விளைவதை வைத்து ஒவ்வொரு தட்டு. அது நிலத்தைப் பற்றிய சாப்பாடு. 2009இல் தொடங்கிய மய்தோ, லீமாவில் பிறந்து ஒசாகாவில் தொழில் பழகிய மித்சுஹாரு த்சுமூராவுடையது, முழுக்க நிக்கேய். அதனால் கலப்புதான் உங்கள் தேடல் என்றால், காசும் இருக்கிறது என்றால், மய்தோ.

காசு என்றது சும்மா இல்லை. நீண்ட விருந்துக்கு ஆளுக்கு ஆயிரம் சோலைத் தாண்டும், குடிப்பது தனி. இடம் பிடிக்க மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யவேண்டும். இதையெல்லாம் விட எனக்கு உறுத்தியது நேரம்தான். உட்கார்ந்தால் எழ மூன்று மணி நேரம், எழுந்தபின் வேறு எதையும் சாப்பிடும் நிலையில் இருக்கமாட்டீர்கள். அதாவது ஒரு வேளைக்கு விலை கொடுத்து இரண்டு வேளையை இழக்கிறீர்கள். நாலே வேளை உள்ளவருக்கு இது பெரிய நட்டம். அதோடு, திராதித்தோவைத் தெரியாமல் திராதித்தோவை உடைத்து விளையாடும் தட்டை ரசிப்பது கஷ்டம். முதலில் மூலத்தைச் சாப்பிடுங்கள். மூன்றாவது நாள் இருந்தால் மட்டும் பெரிய மேசை, அதுவும் கடைசி நாளில். நாங்கள் போகவில்லை, வருத்தமும் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வரிசை தலைகீழாக மாறும். நிக்கேய் கடைசிக்குப் போய்விடும், அங்கே மீனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். சிஃபாவும் கிரியோயாவும் முன்னால் வரும். ஆனால் இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது, இறைச்சிக்கான ஸ்பானியச் சொல்லான கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சிதான், கோழி அந்தக் கணக்கில் சேராது. சின் என்றால் இல்லாமல்; சின் போயோ, சின் ஹமோன், சின் வேவோ என்று கோழி, பன்றித் தொடை, முட்டை ஒவ்வொன்றையும் பேர் சொல்லி விலக்குங்கள். சிஃபாவில் சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸ் சேருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்த உருளைக்கிழங்குக்கு நடுவில் வெண்ணெய்ப்பழம் வைத்த காவ்சா நல்ல துணை. தாக்கு தாக்குவில் பன்றிக் கொழுப்பு சேருமா என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

விலைப்பட்டியலில் போட்டிருக்கும் விலையில் வரி அடக்கம், கடைசியில் தனியாக ஏறாது. சில உணவகங்கள் பத்து சதவீதம் சேவைக்கென்று பில்லிலேயே சேர்த்துவிடும், அதைப் பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள். பச்சை மீன் பயமா? கூட்டம் உள்ள கடை, மதிய நேரம், இந்த இரண்டும் இருந்தால் நான் பயப்படமாட்டேன், குழாய்த் தண்ணீருக்குத்தான் பயப்படுவேன்.

இன்னும் ஒன்று, மச்சு பிச்சு போகும் வழியிலுள்ள கூஸ்கோவுக்கு மறுநாள் காலை விமானம் பிடிக்கிறவர்களுக்கு. கூஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடலோரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே போய் இறங்குகிறீர்கள், உயரத்தில் செரிமானம் மந்தமாகும். அதனால் கடைசி இரவு அந்திகுச்சோவும் பிஸ்கோ சவர் மதுவும் வேண்டாம், அவற்றை முதல் இரவுக்குத் தள்ளிவிடுங்கள். கடைசி இரவுக்கு விடுதிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஏதாவது ஒரு சின்ன சிஃபாவில் ஒரு கிண்ணம் சோப்பா வான்தான், அதாவது வான்தான் சூப், சொல்லுங்கள். அங்கேயும் ஒரு கிண்ணம் இரண்டு பேருக்கு வரும்.